ஒரே விரல், இரண்டு சிலைடு

பொய்ச் சிலைடு போட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்து ‘சீ, இந்தப் பொம்பளையா’ என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பதைவிட, இப்போதே சுளித்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் பெயர் மரியபுஷ்பம். சங்குமடம் என்கிற கடற்கரை ஊரில் மலேரியா ஊழியராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போக வேண்டும். காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். இடது கை மோதிர விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து, காயவைத்து, எண் போட்டு அனுப்ப வேண்டும். வந்து போனதற்கு அத்தாட்சியாக வாசல் சுவரில் தேதி எழுத வேண்டும். அந்தக் கண்ணாடித் துண்டுதான் சிலைடு. மாதத்துக்கு இத்தனை சிலைடு என்று மேலே உள்ளவர்கள் விதித்திருப்பார்கள். பாதி வீட்டில் ஆம்பளைகள் கடலில் இருப்பார்கள், பொம்பளைகள் மீன் ஏலத்தில் இருப்பார்கள். எண்ணிக்கைக்கு எங்கே போவது? விரலை நீட்டிய புண்ணியவதியிடம் ஒன்றுக்கு மூன்றாகத் தேய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டுவிடுவோம். எங்களுக்குள் அதற்கு ‘உட்கார்ந்த சிலைடு’ என்று பெயர். எங்கள் பிரிவில் ஐந்து பேர் இருந்தோம். நாலு பேர் போட்டோம். ஐந்தாவது ஆள் போட்டதே இல்லை என்பார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்.

எந்த மருந்துக்கும் அடங்காத மலேரியா எங்கள் கரைக்கு வந்தபோது என் மகள் ஜெனோவாவுக்கு ஆறு வயசு. ஒரே வாடைக்காலத்தில் சங்குமடத்தில் அறுபத்து மூன்று பேர் போனார்கள். அப்போதுதான் தன்காவல் ஊசி வந்தது.

அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் டாக்டர் ஃபௌசியா. கீழக்கரைக்காரர், அப்போது ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த சின்னப் பெண். மலேரியாவோடு சண்டை போடுகிற உடம்பு சில சமயம் குழம்பிப்போய்த் தன் சொந்தச் சிவப்பணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுமாம். காய்ச்சல் விட்ட பிறகும் ஆள் வெளுத்துப்போய்க் கிடப்பது அதனால்தானாம். ஆனால் அந்தக் குழப்பக்காரக் கூட்டத்தில் ஒரு வகை, கிருமி ஒளிந்திருக்கும் அணுவையும் தேடித் தேடி அடிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதை அளவாக மூட்டிவிடுவதுதான் ஊசி. அவரவர் ரத்தத்தின் அடையாளம் வேறு வேறு என்பதால், ஊசியை அவரவர் ரத்தத்திலிருந்தே செய்ய வேண்டும். அதற்கு ஊரில் ஒருவர் விடாமல் சிலைடு எடுக்கச் சொன்னார்கள்.

மாதா சத்தியமாக, அந்தத் தடவை யாருக்கும் உட்கார்ந்த சிலைடு போடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். கடைசியாக என் வீடு. மத்தியானம் மூன்று மணி. ஜெனோ காதுவலியில் காலையிலிருந்து அழுது, அப்போதுதான் கண்ணசந்திருந்தாள். அவளோடு படித்த இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் குத்திக் குத்திக் கடைசியில் சவமாகத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததிலிருந்து ஊசியைக் கண்டாலே அலறுவாள். விரலைப் பிடித்தேன். தூக்கத்திலேயே உதடு பிதுங்கியது. விட்டுவிட்டேன்.

என் விரலில் ஏற்கெனவே எனக்காகக் குத்திய இடம் ஈரமாக இருந்தது. அழுத்தினேன், இன்னொரு சொட்டு வந்தது. பெற்றவள் ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒன்றுதானே என்று நினைத்து ஜெனோவின் எண்ணைப் போட்டேன். வேறு யாராவது இப்படி யோசிப்பார்களா? எங்கள் வேலை பார்க்கிறவளுக்குத்தான் அந்த யோசனை வரும்.

என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் சிலைடு கொடுத்தார், ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஏழு தடவை மலேரியாவைப் பார்த்த உடம்பு இது என்று ஊசி நாளன்று வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

ஊசி வேலை செய்தது. அடுத்த வாடையில் ஒரு சாவு இல்லை. ஆனால் ஊசி போட்ட பத்தாம் நாளே ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் கழுத்தும் கையும் தடித்தது, கண் வீங்கியது, இழுப்பு வந்தது. நண்டில்தான் கோளாறு என்று சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது. தன்னைத் தாக்கக் கற்றுக்கொண்ட உடம்பு, தன்னைப் போன்ற ரத்தத்தையும் தாக்கப் பார்க்கிறது. வேர்வையிலும் மூச்சிலும் உதிர்வது போதும், தடிப்பு வந்துவிடும். அந்நியர் கிட்டே எதுவும் கிடையாது. பெற்றவர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்றால் மூச்சே முட்டும்.

அதன் பிறகு எங்கள் ஊர் தலைகீழாகப் போனது. மாமன் மகளைக் கட்டியவன் பெண்டாட்டி பக்கத்தில் படுக்க முடியாமல் கூடத்துக்கு வந்தான். ஓடிப்போய் யாரோ எவரையோ கட்டியதற்காக ஊர் தள்ளிவைத்த ஜோடிகள் மட்டும் ஒரே பாயில் நிம்மதியாகத் தூங்கினார்கள். அண்ணன் தம்பி ஏறிய படகெல்லாம் கரையேறியது. தகப்பன் சவத்தை மகன் தூக்க முடியாது, வெளியூர்க்காரன்தான் தூக்க வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை உடம்பு பொறுத்துக்கொண்டது, வெளியே வந்ததும் பொறுக்கவில்லை. அதனால் பெற்ற பிள்ளையைத் தூக்கி வளர்க்கச் சொந்தமில்லாத பெண்களைச் சர்க்கார் அனுப்பியது. அவர்களுக்குக் கைத்தாய் என்று பெயர். திருநாளுக்குச் சொந்தபந்தங்கள் கடற்கரையில் முப்பது அடி இடைவெளி விட்டு, காற்றுப் பார்த்து உட்காருவோம். யாருக்கு அதிகமாகத் தடிக்குமோ அவர்களைக் காற்று வரும் பக்கம் உட்கார வைப்போம். எதிரில் இருக்கும் தங்கச்சியோடு போனில் பேசுவோம்.

என் வீட்டில் நடந்தது இன்னும் விசேஷம். என்னைக் கண்டால் ஜெனோவுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத அளவுக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பொட்டுத் தடிப்பு வரவில்லை.

நான் நேராக டாக்டர் ஃபௌசியாவிடம் போனேன். யாருக்கோ என்பது மாதிரி, ஒரு பிள்ளை சிலைடு தாயோட சிலைடோட மாறிப்போயிருந்தா என்ன ஆகும் என்று கேட்டேன்.

அவர் மேஜையில் கிடந்த நூல்கண்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டி வைத்தார். “அடையாளம்ங்கறது ரெண்டு இழைதான்க்கா. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. தாயோட ஊசி பிள்ளைக்குப் போயிருந்தா, அந்த உடம்பு தாயோட ரெண்டு இழையையும் எதிரியா நினைக்கும். தாய் கிட்டயே வர முடியாது. தகப்பனை ஒண்ணும் செய்யாது. மலேரியாவுக்கு அரைகுறைக் காவல்தான் இருக்கும்.”

“திருப்பிப் போட்டா?”

“சரியாயிடும். ஆனா எல்லாரையும் மாதிரி தகப்பன்கிட்டயும் தடிக்கும்.”

ஆறு வயசுப் பிள்ளை. தொடுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் மூடினால் ஊர் மூடுமா? அதற்குள் சங்குமடத்தில் தடிப்புதான் ரத்த உறவுக்குச் சாட்சி என்று ஆகியிருந்தது. தடித்தால் சொந்தம், தடிக்காவிட்டால் அந்நியம். பிலவேந்திரனிடம் மகளுக்குத் தடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை வேறு பார்க்கிறேனா, கேட்கவா வேண்டும்! யார் வீட்டுப் பிள்ளை என்று பெயர் சொல்லியே பந்தயம் கட்டினார்கள். எரிச்சலில் ஒருநாள் குடத்தைத் தூக்கி எறிந்தேன். அதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

வீட்டுக்காரரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவர் வாயில் ஒரு சேதி ஒருநாள் தங்காது. என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று தெருவில் நின்று கத்தியிருப்பார். மறுநாளே இலாகா வந்து பிள்ளைக்கு மறு ஊசி போட்டிருக்கும். ஒரு சாயங்காலம் ஜெனோவின் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரே வீட்டில் நானும் அவளும் இருக்க முடியாது, துறைமுகத்துப் பக்கம் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். போகும்போது வாசலில் திரும்பினார்.

“நான் ஒண்ணும் கேக்கல, புஷ்பம். பிள்ள என்னோடதுதான்.”

தடிப்பு பொய் என்று அவர் நம்பவில்லை. ஊர் சொன்னதைத்தான் நம்பினார். நம்பிக்கொண்டே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார், படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சவத்துக்குப் பக்கத்தில் மகள் இருந்தாள். நான் காற்றுக்குக் கீழே, சவுக்குமரத்தடியில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. இனி அவருக்குச் சொல்ல வழியே இல்லை என்பது மறுநாள் காலையில் தேநீர் போடும்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் கைத்தாயாகப் பதிவு செய்துகொண்டேன். மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தேன். குளிப்பாட்டினேன், பாலாடையில் பால் புகட்டினேன், ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டினேன். வாசலுக்கு வெளியே அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் என் வீட்டுக்குத் திரும்பினால், பேசுவதற்கு வானொலிதான். அதிலும் மீனவருக்கான வானிலை அறிக்கைதான் எனக்குப் பிடிக்கும். காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில் ஜெனோ போன் செய்தாள். கடற்கரைக்கு வரச் சொன்னாள். அவள் தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர். தருமபுரிப் பக்கத்து மாப்பிள்ளை, சக்திவேல், இந்த ஊசியே போட்டுக்கொள்ளாதவர், எங்களுக்கு ஏழு தலைமுறைக்கும் சொந்தமில்லாதவர். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஆண் குழந்தை என்பதும் படமும்தான் எனக்குத் தெரியும்.

வாடை வடக்கேயிருந்து அடித்தது. அவள் வடக்கே நின்றாள், நான் தெற்கே நின்றேன். அவள் தோளில் குழந்தை. பெற்றவள் எப்படித் தோளில் போட்டிருக்கிறாள்?

“பாத்தியாம்மா?” என்றாள் போனில். “ஒரு தடிப்பு இல்ல. பொறந்த அன்னைக்கே நர்ஸ் தெரியாம என் மேல போட்டுட்டாங்க. ஒண்ணும் ஆகல. கைத்தாய வேண்டாம்னு அனுப்பிட்டேன்.”

பிறகு சேதியைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவள் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். வாடைக்காலம் முற்றுவதற்குள், வருகிற வியாழக்கிழமை, புது ஊசி போட வேண்டும். போட்டால் பத்தே நாளில் பிள்ளையைத் தூக்க முடியாமல் போகும். போடாவிட்டால் காய்ச்சல் வந்து சாகலாம். ஊசி பிடிக்காதவர்களுக்கு மறு ஊசி கட்டாயமாம், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

முப்பது அடி தூரத்தில் அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

“அப்பா சாகுறதுக்கு முன்னாடி, ஒங்கம்மாட்ட ஒருநாளும் அதக் கேட்டுப்புடாதன்னு சொன்னாக. மூணு வருஷமா கேக்கல. இப்ப இவன் வந்துட்டான், கேக்கணும். நான் யாரு பிள்ளைம்மா?”

இருபத்தேழு வருஷம் கட்டி வைத்திருந்தது, ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிந்துவிட்டது. காதுவலி, மத்தியானம், என் விரல், அவள் எண். “அவுக மகதான்டி நீ. ஊசிதான் என்னோடது” என்றேன். தகப்பனையும் பிடுங்க மனசில்லாமல்தான் பேசாமல் இருந்தேன் என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

“இத அப்பாட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

நாளைக்கே டாக்டர் ஃபௌசியாகிட்ட போவோம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆய்வகத்தில், நான் ஒரு அறையில், அவர்கள் இரண்டு அறை தள்ளி. டாக்டர் ஃபௌசியாவுக்கும் தலை நரைத்துவிட்டது. ஊசி வருஷத்துச் சிலைடுகளை மரப்பெட்டிகளில் அப்படியே வைத்திருந்தார்கள். என் சிலைடு, ஜெனோவின் எண் போட்ட சிலைடு, பிலவேந்திரனின் சிலைடு மூன்றையும் எடுத்தார். எல்லாம் என் கையெழுத்து. ஜெனோவுக்கும் பிள்ளைக்கும் புதிதாக ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், மூன்று மணி நேரம் கழித்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“ஒரே ரத்தம்தான்க்கா, ரெண்டு சிலைடும். அன்னைக்கு நீங்க வந்து கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. யாரு வீட்டுப் பிள்ளைன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல.”

ஜெனோவின் ரத்தத்தைக் கிருமியோடு விட்டுப் பார்த்ததில் முக்கால்வாசிக் கிருமி செத்தது என்றார். அவளுக்கு நான் கொடுத்த இழை ஒன்று இருப்பதால் அந்த மட்டும் காவல் இருக்கிறது. முழுக்காவல் வேண்டுமென்றால் புது ஊசிதான். பிலவேந்திரனின் ஒரு இழை ஜெனோவிடம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அதே இழை பிள்ளையிடமும் இருக்கிறது.

“அதனாலதான் அவன்கிட்ட ஜெனோவுக்குத் தடிக்கல. அவகிட்ட இருந்த ரெண்டுல, அவன் எடுத்துக்கிட்டது தாத்தா இழை. இன்னொண்ணு அவன் அப்பாவோடது. உங்க இழை அவன்கிட்ட இல்ல.”

என்னுடையது ஒன்றுமே இல்லையா என்றுதான் முதலில் உறைத்தது. அற்பப் புத்தி, என்ன செய்வது. டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரியலையாக்கா? உங்க இழை இல்லேன்னா, உங்களுக்கும் தடிக்காது. நீங்க தூக்கலாம்.”

அதைச் சொல்லிவிட்டு இன்னொரு காகிதத்தை நீட்டினார். பொய்ச் சிலைடு போட்டதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவளைக் கைத்தாய்ப் பதிவேட்டில் வைத்திருக்க முடியாது. நாளையிலிருந்து ஊரான் பிள்ளை ஒன்றுகூட என் மடிக்கு வராது. எழுதாவிட்டால் ஜெனோவின் பதிவு ‘ஊசி பிடிக்கவில்லை’ என்றே நிற்கும், வியாழக்கிழமை கட்டாயம் குத்துவார்கள். எழுதினால், முக்கால் காவல் போதுமா என்பதை அவளே முடிவு செய்யலாம். நான் நாலு வரியில் எழுதினேன். தேதி போடும்போது பழக்கதோஷத்தில் ஊர்ப் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

ஜெனோ அன்றைக்கே முடிவைச் சொன்னாள். ஊசி வேண்டாமாம். காய்ச்சல் கண்டால் அன்றே வந்து சிலைடு கொடுக்கிறாளாம், மற்றபடி கொசுவலைக்குள் படுத்துக்கொள்கிறாளாம். அப்பனைப் போலவே பிடிவாதம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் பயம்தான். ஆனால் சொல்லும் உரிமையை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அதே கடற்கரை, அதே வாடை. ஜெனோ மணலில் பாயை விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, வடக்கே நாற்பது அடி தள்ளிப் போய் நின்றாள். மாப்பிள்ளை ஒரு வாளி நன்னீரும் சோப்பும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் தூக்கிய பிறகு பிள்ளை மேல் என் வேர்வை ஒட்டியிருக்கும். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் அவளிடம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நாற்பத்தொரு பிள்ளைகளைத் தூக்கிய கை, நாற்பத்திரண்டாவதைத் தூக்கத் தடுமாறியது. மடியில் போட்டுக்கொண்டு என் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தடிக்கவில்லை. அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றி அப்படியே அவர் நெற்றி. இரண்டு புருவமும் நடுவில் ஒட்டுகிற அந்தக் கோளாறுகூட இருந்தது.

அவரிடம் சொல்லாததை இவன் காதில் சொன்னேன். காதுவலியிலிருந்து ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். நாற்பது நாள் பிள்ளை, கொட்டாவி விட்டான். உங்க மகதான்ங்க அவ, என்று முடித்தேன். அழுகை வந்துவிட்டது, கண்ணீர் அவன் மேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விழுந்தால் அதையும் கழுவ வேண்டும்.

குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுத் தெற்கே நடந்து என் இடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளை அவனைத் தூக்கி, தலையிலிருந்து கால் வரை சோப்புப் போட்டுக் கழுவினார். என்னை அவனிடமிருந்து கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவைக்குத் தண்ணீர் மொண்டபோது ஜெனோ கிட்டே வந்துவிட்டாள்.

“ஒரு தடவ போதும்ங்க” என்றாள். காற்றில் அது எனக்கும் கேட்டது.

அவர் ஏதோ மறுத்துச் சொன்னார். அவள் ஈரத்தோடு பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கழுத்தோரம் முகர்ந்தாள். பிறகு இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். பிள்ளை மேல் மிச்சமிருந்த என் வேர்வைக்கு, மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடிப்பு எழும்பியிருந்தது.

மாப்பிள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை, அந்த இடத்தைச் சொறியவும் இல்லை. போனை எடுத்தாள்.

“வந்துருக்கும்மா” என்றாள்.